பாய் அச்சடித்த ஒரு ரூபாய்

செய்தி வந்தபோது அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாயின் மகள் ஷமீமாதான் போனில் பேசினார். "அத்தா போயிட்டாருங்க." இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

திருப்பூரில் முதலிபாளையம் தொழிற்பேட்டை வாசலில் பேக்கரி வைத்திருந்தவர் பாய். அங்கே பல கம்பெனிகளில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் டீக்கு வருகிறவர்கள் கையில் பத்து, இருபது ரூபாய் நோட்டுத்தான் இருக்கும். மீதி கொடுக்கச் சில்லறை கிடைக்காது. மற்ற கடைகளில் மிட்டாயைத் தள்ளிவிடுவார்கள். பாய் அதைச் செய்யமாட்டார். "மிட்டாய் குடுத்தா அது எனக்கு வியாபாரம். சீட்டு குடுத்தா அது அவங்க காசு" என்பார்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, பனியனில் தொங்கும் அட்டைகளை அச்சடிக்கும் வேலைக்கு நான் வந்த புதிது. அட்டையில் வெட்டிப்போடுகிற ஓரத்தில் ஒரு ரூபாய்ச் சீட்டு அடித்துத் தரச் சொல்லிப் பாய் கேட்டார்.

"நோட்டடிக்கிறது கவர்மெண்ட் வேலைங்க பாய்."

கல்லாக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த பழைய ஒரு ரூபாய் நோட்டைக் காட்டினார். உலகப் போர் நேரத்தில் ஜனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கிவிட, சர்க்காரே ஒரு ரூபாயைக் காகிதத்தில் அடித்த கதையைச் சொன்னார். "மத்த நோட்டுல தருவேன்னு ஒரு வாக்கு இருக்கும். இதுல இருக்காது, படிச்சுப் பாரு கண்ணு. என்ற சீட்டுல அதைப் போட்டுடு."

'எப்போது வந்தாலும் தருவேன்' என்று போட்டேன். கீழே அவர் கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்தேன். சீக்கிரமே பக்கத்துப் பெட்டிக்கடையும் சலூனும் அந்தச் சீட்டை வாங்க ஆரம்பித்தன.

அடுத்த முறை அடிக்கும்போது நான் சொதப்பினேன். மை சரியாக விழுகிறதா என்று ஓட்டிப் பார்த்த தாள்களைக் கிழிக்காமல் வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டேன். திருப்பூரில் வேஸ்ட் குப்பைக்குப் போகாது, விலைக்குப் போகும். அதைப் பிரிக்கிறவர்கள் சீட்டுகளை வெட்டியெடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வந்து பப்ஸ் கேட்டார்கள். பாய் கொடுத்தார். பப்ஸ் தீர்ந்ததும் பன் கொடுத்தார்.

நான் ஓடிப்போய்க் கத்தினேன். "நிறுத்துங்க பாய், அதெல்லாம் வேஸ்ட்டு! தப்பு என்மேலதான்."

"தெரியும். இன்னிக்கு ஒருத்தரைத் திருப்பி அனுப்புனா, நாளைக்கு நல்ல சீட்டையும் எவனும் தொடமாட்டான்."

"உங்களுக்கு நட்டமாச்சுங்களே?"

"ஆமா. நீ காலேஜ முடிச்சிருந்தா இன்னும் பெரிய நட்டமா பண்ணியிருப்ப. போயி அந்த பன் தட்டை எடுத்துட்டு வா."

அன்றிலிருந்து கையெழுத்தை மட்டும் பேனாவில் அவரே போட்டார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் ஷமீமா கடையைத் திறந்தார். சீட்டு கொடுத்தவரே போய்விட்டார், இனி அது செல்லுமா என்பதுதான் தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. நானும் கடையோரம் நின்றேன். ஒடிசாக்காரத் தையல்காரர் ஒருவர் பத்துப் பதினைந்து சீட்டுகளைத் தயங்கித் தயங்கிக் கல்லாமேல் வைத்தார்.

"அக்கா, இது செல்றது?"

"ஏனுங்கண்ணா செல்லாது? என்ன வேணும், சொல்லுங்க."

டீயும் பன்னும் கொடுத்தார். மீதி ஒரு ரூபாய்க்குப் பழைய சீட்டைத் திருப்பித் தராமல் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, பேனாவில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினார். தையல்காரர் அது யார் கையெழுத்து என்றுகூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினார்.

போய் வாருங்கள், பாய்.