சரிவுக்கு எடுத்துவைத்த பணம்

பங்குச் சந்தை விழும் என்பதில் சுந்தரராஜுக்குச் சந்தேகம் இல்லை. எப்போது என்பதில்தான் தெளிவில்லை. கேட்டால், "அது தெரிஞ்சா நான் ஏன் கிளட்ச் கேபிள் வித்துக்கிட்டு இருக்கேன்" என்பார். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் அவருக்கு டூவீலர் உதிரிபாகக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் கிரீஸ் கை பட்ட கம்பெனி ஆண்டறிக்கைகள் கிடக்கும். யாராவது பிரேக் ஷூ கேட்டால், படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மற்றபடி நல்ல மனிதர்.

2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது அவரிடம் பங்குகள் இருந்தன, ரொக்கம் இல்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு செல்போன் ஆப்பில் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அதன் பிறகு அவை ஏறின. விற்ற விலை இரண்டு மடங்கானபோது ஒரு முடிவுக்கு வந்தார்: கோளாறு சந்தையில் இல்லை, தன் கட்டைவிரலில் இருக்கிறது.

ஆகவே அடுத்த சரிவுக்கு ஏற்பாடுகள் செய்தார். கடன் வாங்கிப் பங்கு வாங்குவதில்லை. எவ்வளவு நல்ல கம்பெனியானாலும், தான் கணக்குப் பார்த்துப் போட்ட மதிப்புக்குக் கீழே வந்தால்தான் வாங்குவது. அப்படி எதுவும் கிடைக்காத காலத்தில் பணத்தைப் பேங்கில் சும்மா போட்டுவைப்பது. கடைசியாக, ஆப்பின் ரகசிய எண்ணை மனைவி ஜெனிபா மாற்றி, அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது. வாங்குவதானாலும் விற்பதானாலும் அவள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் எண்ணை அழுத்துவாள். கேள்விகளை அவரே சொல்லிக்கொடுத்தார்.

"நான் கத்தினாலும் விடாத" என்றார்.

"நீங்க என்னைக்குக் கத்தியிருக்கீங்க" என்றாள் ஜெனிபா.

மலிவின் மேல் அவருக்கு இருந்த பக்தி அவர்கள் போகும் சர்ச்சில் சபைக்கே தெரியும். விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் பொருளை அதன் விலைக்கு மேலே கேட்பதுதான் வழக்கம், பணம் சர்ச்சுக்குப் போவது அல்லவா. ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவர் நிமிர்ந்து நடந்து போவார். சுந்தரராஜ் கடைசி வரைக்கும் கையைத் தூக்க மாட்டார். எல்லார் பையும் காலியான பிறகு, மிஞ்சிக் கிடப்பதைக் குவியலாகக் கேட்பார். ஒரு வருஷம் பூசணிக்காய்க் குவியல் மொத்தமும் அவருக்கே விழுந்தது. ஏலம் விட்ட சபை மூப்பர் நேசமணி, "ஆண்டவர்கிட்டயே டிஸ்கவுண்ட் கேக்குற ஆளு நீருதான் வே" என்று மைக்கிலேயே சொன்னார். அந்த மாதம் முழுக்க வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு. மலிவாகக் கிடைப்பதெல்லாம் வாங்கத் தகுந்தது அல்ல என்பதை ஜெனிபா தினமும் பரிமாறும்போது விளக்கினாள். அவர் ஒப்புக்கொண்டார். பங்கிலும் அந்த ஆபத்து உண்டு என்றார்.

ஜெனிபாவின் பிரச்சினை அடுக்களை. வீட்டுக்கு மேலே கான்கிரீட் தளம் உண்டு. பின்னால் இழுத்துக் கட்டிய அடுக்களைக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பங்குனி பிறந்துவிட்டால் கீழே அடுப்பு, மேலே ஷீட், நடுவில் ஜெனிபா. தளம் போடப் பேங்கில் பணம் இருந்தது. ஆனால் அது சரிவுப் பணம்.

"இந்த வருஷமாவது போடுவமா?"

"கொஞ்சம் பொறு. எல்லாம் கண்டமேனிக்கு வெல ஏறிக் கெடக்கு. விழத்தான் போவுது."

"ஒங்க சரிவு வாரதுக்குள்ள நான் வெந்துருவேன்."

சரிவு வரவில்லை. சந்தை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து டயர் கடை சங்கரபாண்டியன், யாரோ செல்போனில் பேர் அனுப்பிய பங்குகளை வாங்கிப் புதுக் கார் எடுத்தார். அதைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, உலகம் அழியுறது இந்த வாரமா அடுத்த வாரமா?" என்று கேட்பார்.

"தேதி இன்னும் சொல்லல வே" என்பார் சுந்தரராஜ்.

2025 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை சந்தை விழுந்தது. அமெரிக்காக்காரன் வரி போட்டுவிட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சங்கரபாண்டியன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வித்துரட்டா அண்ணாச்சி?"

"கடன் வாங்கிப் போட்டீரா?"

"வீட்டுக்காரி நகைய வச்சுப் போட்டேன்."

சுந்தரராஜ் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போனதும் ஷட்டரை இழுத்துப் பூட்டி, வீட்டுக்கு வண்டியை எடுத்தார்.

ஜெனிபா ஷீட்டுக்குக் கீழே சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பரைப் போடு. வாங்கப் போறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடன் வாங்கின காசா?"

"இல்ல."

"கம்பெனி கெட்டுப்போச்சா, வெல மட்டும் கெட்டுப்போச்சா?"

"வெல மட்டுந்தான். கம்பெனிக்கு ஒண்ணும் ஆவல." குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"இந்தக் காசு இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நமக்கு வேற எதுக்கும் வேண்டாமா?"

சீக்கிரம் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் போட்டால், ஆகாத நாளில் விற்கவேண்டி வரும். அதற்காக அவரே சேர்த்த கேள்வி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நெற்றி வேர்வை செல்போன் திரையில் சொட்டியது. ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். சட்டியில் மீன் கருகியது.

"ஏட்டி, இன்னைக்கு விட்டா இந்த வெல வராது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"தளத்துக்கு."

"எம்புட்டு?"

கொத்தனார் மூக்காண்டி சொல்லியிருந்த தொகை அவருக்கு மறக்கவில்லை. சரிவுப் பணத்தில் பாதிக்கு மேல் அது. அதைக் கழித்துவிட்டு, பங்கு வாங்க மிச்சம் எவ்வளவு என்று சொன்னார். ஜெனிபா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். அவர் வாங்கினார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கருகின மீனைச் சாப்பிட்டார்கள்.

வைகாசியில் மூக்காண்டி தளம் போட்டார். அதற்குள் சந்தை விழுந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டது. சங்கரபாண்டியன் அன்றைக்கே நஷ்டத்துக்கு விற்றிருந்தார். இப்போது காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். அவரிடம் சுந்தரராஜ் சந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெனிபாவிடம் பேசினார்.

"தளத்துக்குப் போன காசையும் அன்னைக்கே உள்ள போட்டிருந்தா, இப்ப..."

"அந்த ஷேரைத் தலைக்கு மேல விரிச்சுக்கிட்டு நான் மீன் பொரிக்க முடியுமா?"

யோசித்தார். "முடியாது" என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் இப்போதெல்லாம் அவர் அடுக்களைத் தரையில்தான் படுக்கிறார். வீட்டிலேயே அங்கேதான் குளிர்ச்சியாம். எல்லாம் மறுபடி விலை ஏறிக் கிடக்கிறது, அடுத்த சரிவுக்கு முதலிலிருந்து சேர்க்க வேண்டும் என்று தளத்தைப் பார்த்துச் சொல்லுகிறார்.

"சேருங்க. மொதல்ல கால மடக்குங்க, நான் அடுப்புக்குப் போவணும்" என்கிறாள் ஜெனிபா.