சுவர் தாண்டி வந்த நைனாவின் விரல்

1. ஹாலில் இருக்கும் செட்டாப் பாக்ஸின் படத்தை, ஒயர் இல்லாத கருவி மூலம் நைனாவின் அறை டிவிக்கும் அனுப்பினேன்.
2. அவருக்கும் ஒரு ரிமோட் கொடுத்தேன்; அதன் சிக்னலையும் கருவி ஹாலுக்குக் கடத்தியதால், எந்த அறையில் அழுத்தினாலும் இரண்டு டிவியிலும் சேனல் மாறியது.
3. பக்கவாதத்தில் பேச்சிழந்த நைனாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

அன்று அம்மா சீரியல் பார்க்கையில் சேனல் ஓயாமல் மாறியது. "உங்க நைனாவுக்குக் குசும்பைப் பாரு! அவருக்கு வேற பாக்ஸ் வாங்கிக் குடுத்துடுடி."

கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, அதைக் கழற்ற நைனாவின் அறைக்குப் போனேன். கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். கட்டைவிரல் மட்டும் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தது.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கருங்கல் சுவர். அவர் முனகல் தாண்டாத சுவரை அவர் விரல் தாண்டி வந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

நைனா இப்போது நலம். கட்டிலருகே அழைப்பு மணி வைத்திருக்கிறேன். வேறு பாக்ஸ் வாங்கவில்லை. சேனல் மாறினால் அம்மாதான் முதலில் ஓடுகிறார்.