பதினாலாம் நம்பர் அறையில் இருபது துருக்கறை

போன புதன்கிழமை, என் மகள் என்று ஒருத்தியே இல்லை என்று எனக்குப் போனில் சொன்னார்கள்.

பதறாதீர்கள். நான் பதறியது போதும்.

பவித்ரா கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம். ஹாஸ்டல் வாசம். செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் போனில் பேசலாம். போன ஞாயிறு பேசியபோது குரல் கம்மியிருந்தது.

"லேசா காய்ச்சல்ப்பா. மாத்திரை போட்டுட்டேன்" என்றாள்.

லேசாகவா? என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... சிலிண்டரை மூடினேனா என்று பார்ப்பதற்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் நான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புதன் காலை கிரில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஹாஸ்டலுக்கு போன் போட்டேன்.

எடுத்தது ஒரு புதுக் குரல்.

"பவித்ராவா? லிஸ்ட்ல அப்படி யாரும் இல்லைங்களே."

"ரூம் நம்பர் பதினாலும்மா. எலக்ட்ரிக்கல். மூணாவது வருஷம்."

"பதினாலுல ரெண்டு பேருதான் சார். ரெண்டு பேருமே பவித்ரா இல்ல."

இரண்டு பேரா? அந்த அறையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் தீபாவளிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தோம். மறுபடி கேட்பதற்குள் லைன் கட்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பாள் என் மனைவி. வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு அப்படியே ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

சூளகிரியில் நாலு வழிச்சாலை வேலை. பஸ் ஊர்ந்தது. என் மூளை ஊரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறைக்கிறார்களோ? லிஸ்டிலிருந்து பெயரையே எடுக்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? சானமாவுக் காட்டில் யானை இறங்கியிருக்கிறது என்று காலைப் பேப்பரில் படித்திருந்தேன். அந்தக் காட்டுக்கும் கல்லூரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த யானையும் என் மண்டைக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போனது.

கல்லூரி கேட்டில் வாட்ச்மேன் முனியப்பா. எனக்குப் பல வருடப் பழக்கம். அன்றைக்குப் புது யூனிஃபார்ம், தொப்பி, கழுத்தில் விசில்.

"இன்னிக்கு விசிட்டர் கிடையாது சார்."

"யோவ் முனியப்பா, என்னைத் தெரியலையா?"

"தெரியுதுண்ணா. இன்னிக்கு யாரையும் தெரியக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க."

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"கமிட்டி வந்துக்கீதுண்ணா. இன்னும் கொஞ்சம் சீட்டு குடுக்கலாமான்னு பாக்கறதுக்கு. ரூமுக்கு ரெண்டு கட்டில்தான் இருக்கணுமாம். மிச்சக் கட்டில லேத் ஷெட்டு பின்னால போட்டு தார்ப்பாய் மூடிட்டாங்க. மிச்சப் பொண்ணுங்கள பஸ்ல ஏத்தி டேமுக்கு அனுப்பிட்டாங்க."

"என் பொண்ணு?"

"அதுவுந்தாண்ணா. வரலைன்னு எவ்ளோ சொல்லுச்சு. போர்வைய போத்திக்கினு போச்சு, பாவம்."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கொதிக்கவும் ஆரம்பித்தது.

உள்ளே விட்டார் முனியப்பா. பஸ் திரும்பி வரும் வரைக்கும் என்று முன்ஹாலில் உட்கார்ந்தேன். எதிரே கமிட்டிக்காக ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். 'நமது வளாகம் — ஒரு வரலாறு'. வரிசையாகப் போட்டோ, அடியில் கொட்டை எழுத்தில் விளக்கம். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனால் எழுத்துக்கூட்டாமலே படித்தேன்.

மாணவியர் இல்லம்: 'காற்றோட்டமும் வெளிச்சமும் கருதித் திட்டமிட்டு எழுப்பப்பட்டது.'

யார் எழுப்பியது? எதற்கு எழுப்பியது? எனக்குத் தெரியாதா? அது ஒரு மாங்கூழ் கம்பெனியின் குடோன் ஐயா! டிரம் டிரம்மாகக் கூழ் அடுக்கி வைத்திருந்த இடம். வெயில் படக் கூடாது என்று ஜன்னலே இல்லாமல் கட்டியது. கம்பெனி படுத்ததும் கல்லூரிக்காரர்கள் வாங்கினார்கள். சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். அந்த ஜன்னல்களுக்கு கிரில் அடித்தவன் நான். அப்போது குடோனுக்குக் காவல் இதே முனியப்பா. நடுவில் ஹாலோ பிளாக் வைத்து அறை பிரித்தார்கள். தடுப்பு கூரை வரைக்கும் போகாது. முதல் அறையில் தும்மினால் ஆறாவது அறையிலிருந்து "நூறு" என்பார்கள். பரீட்சை நேரத்தில் வெயில் ஏறினால் போதும், சுவர் இடுக்கிலிருந்து எறும்பு சாரை சாரையாக வரும். பழைய மாங்கூழை அதுகள் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த போட்டோ மாணவர் விடுதி, ஏ பிளாக். அதற்கடுத்தது பி பிளாக். இரண்டிலும் மாடியில் ஒரே தண்ணீர் டேங்க், ஒரே கொடிக்கயிறு, அதில் காய்வது ஒரே சிவப்பு லுங்கி! ஒரே கட்டடத்தை முன்னால் நின்று ஒரு முறையும் பின்னால் நின்று ஒரு முறையும் எடுத்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் எப்போதும் ரிப்பன் வெட்டிய நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முந்தின நாள் வரை அங்கே என்ன இருந்தது, மறுநாளிலிருந்து உள்ளே எத்தனை பேர் படுத்தார்கள் — அதை எந்தப் போட்டோவுக்கு அடியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

'எல்லாம் தெரிந்துமா பெண்ணை அங்கே சேர்த்தாய்?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவள் மார்க்குக்கு அங்கேதான் சீட் கிடைத்தது. அதோடு, என் கிரில் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வெளியிலிருந்து ஒருத்தனும் உள்ளே நுழைய முடியாது என்று யோசித்தேன். உள்ளே இருக்கிறவளையே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று யோசிக்கவில்லை.

காலடிச் சத்தம். பிரின்சிபால் முன்னால், கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் பின்னால். அதில் ஒரு வயதான அம்மா, கையில் நோட்டு. என் சட்டை ஓட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இவர் யாரு?"

"கிரில் காண்ட்ராக்டர் மேடம். மெயின்டனன்ஸுக்கு வந்திருக்கார்" என்றார் பிரின்சிபால். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அதிகமாகக் கேள்வி கேட்கிறவன் நான்தான்.

பேசாமல் இருந்துவிடலாமா? இன்டர்னல் மார்க் அவர் கையில். அதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கிரில் போட்டது நான்தாங்க. பதினாலாம் நம்பர் ரூம் பொண்ணோட அப்பாவும் நான்தாங்க. காய்ச்சக்காரப் புள்ளைங்க. எப்படி இருக்கான்னு கேட்டா, அப்படி ஒரு பொண்ணே இல்லைங்கிறாங்க."

பிரின்சிபால் சிரித்தார். "ஏதோ குழப்பம் மேடம். லிஸ்ட்ல பாருங்க, பதினாலுல ரெண்டே பேரு."

"ரூமைப் பார்க்கலாமே" என்றார் அந்த அம்மா.

போனோம். அறை பளபளவென்று இருந்தது. நடுவில் இழுத்துப் போட்ட இரண்டு கட்டில், புது பெட்ஷீட், ஜன்னலில் பிளாஸ்டிக் ரோஜா. ஐந்து பேர் வாழ்ந்த சுவடே இல்லை. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது... அப்புறம்தான் தரையைப் பார்த்தேன்.

இரும்புக் கட்டில் காலுக்கு ரப்பர் புஷ் போடாவிட்டால், தரை கழுவுகிற தண்ணீர் அடியில் தேங்கும். துரு இறங்கும். சதுரம் சதுரமாகக் கறை விழும். பட்டறைக்காரன் கண்ணுக்கு அது தப்புமா?

"மேடம், ஒரு கட்டிலுக்கு நாலு காலு. ரெண்டு கட்டிலுக்கு எட்டு. சுவரோரமா எண்ணிப் பாருங்க."

அந்த அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "...பதினெட்டு, பத்தொன்பது, இருபது."

"பழைய கறை மேடம்" என்றார் பிரின்சிபால்.

நான் ஒரு கறையில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினேன். ஈரம் இன்னும் காயவில்லை. விரல் செம்மண் நிறமாகிவிட்டது.

அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார்? தெரியாது. எழுதியது நிற்குமா? அதுவும் தெரியாது. "லஞ்ச் ரெடி மேடம்" என்று யாரோ வந்து மூவரையும் அழைத்துப் போனார்கள். பிரின்சிபால் மட்டும் அரை நிமிடம் பின்தங்கினார்.

"நல்லா படிக்கிற பொண்ணு சார். இன்னும் ஒரு வருஷம் இருக்குல்ல?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது. வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா? மூன்றாம் வருடத்தில் யார் சேர்ப்பார்கள்? திங்கட்கிழமை இதே குடோனுக்குத்தான் அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலரை மணிக்கு பஸ் வந்தது. கடைசியாக இறங்கினாள் பவித்ரா. தலையோடு போர்வை. நெற்றியைத் தொட்டேன் — கொதித்தது.

"எல்லாரும் டேம் பாத்தாங்கப்பா. நான் பஸ்லயே படுத்திருந்தேன்" என்றாள். அப்புறம், "எங்க ரூம்ல நாங்க மூணு பேரும் எக்ஸ்ட்ராவாம்ப்பா."

எக்ஸ்ட்ரா! ஒரே பெண் எனக்கு.

கையைப் பிடித்து வாசல் கேட்டுக்கு அழைத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே புது வார்டன் ஓடி வந்தார், கையில் ரெஜிஸ்டரோடு.

"சார், சார்! வாரத்துக்கு நடுவுல இப்படியெல்லாம் கூட்டிட்டுப் போகக் கூடாது. பிரின்சிபால் கையெழுத்து போட்ட அவுட்பாஸ் வேணும்."

காலையில் போனில் கேட்ட அதே குரல்.

"லிஸ்ட்லயே இல்லாத பொண்ணுக்கு எதுக்கு மேடம் அவுட்பாஸ்?" என்றேன்.