கற்பூரத்தின் மேல் போட்ட பழி

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கும்மிடிப்பூண்டியில் கம்பி போடும் மில் ஒன்றில் நான் இன்ஜினியர். அங்கே இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சும் பர்னஸ் எங்கள் போர்மேன் பொறுப்பில் இருந்தது. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஷிப்ட் தொடங்கும்போது பர்னஸ் கதவை ஒரு சாண் தூக்கிக் கற்பூரம் காட்டாமல் வேலையில் கை வைக்க மாட்டார். "அடுப்புக்கு இன்னாமா மதம்?" என்பார்.

பர்னஸில் எரிக்கும் எண்ணெய் அதிகம் செலவாகிறது என்று மேனேஜர் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டி வந்தார். எரித்த எண்ணெயின் சூட்டில் இரும்புக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, சிம்னிக்கு இவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டார். கொஞ்சம் சூடு கணக்கில் வரவில்லை. அவ்வளவுதான், கற்பூரத்துக்காகத் திறக்கும் கதவு வழியே அது போகிறது என்று தீர்ப்பெழுதிவிட்டார்! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். போர்மேனை வெயிலில் பழைய இரும்பு பிரிக்கும் யார்டுக்குத் தள்ளினார்கள்.

"இத்தினி வருசம் பாத்துக்கினு இருந்த அடுப்புமா. ஊட்ல இன்னா சொல்றதுன்னே தெரில, பேஜாரா கீது" என்றார்.

ஆலோசகரின் கணக்கை வாங்கிப் பார்த்தேன். அடப்பாவி! சிம்னியில் தொள்ளாயிரம் டிகிரியில் போகும் புகையைக் காற்றாக வைத்துக்கொண்டு, அறையில் இருக்கும் காற்றின் வெப்ப ஏற்புத்திறனையே அதற்கும் போட்டிருந்தார். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க இங்கே ஒரு கிலோஜூல் போதும். சூடு ஏற ஏற, காற்றின் மூலக்கூறுகள் ஓடுவதோடு நிற்காமல் உள்ளுக்குள் அதிரவும் தொடங்கும். அந்த அதிர்வும் சூட்டைத் தின்னும். தொள்ளாயிரம் டிகிரியில் அதே ஒரு டிகிரிக்கு ஒன்று புள்ளி இரண்டு கிலோஜூலை நெருங்கிவிடும். கல்லூரியில் படிக்கிற பிள்ளை போட வேண்டிய திருத்தம் இது. அறைச் சூட்டிலிருந்து தொள்ளாயிரம் வரைக்குமான சராசரியைப் போட்டுப் பார்த்தேன். காணாமல் போன சூட்டில் பெரும்பகுதி சிம்னியில்தான் இருந்தது.

மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "சின்ன எண்ணுதானேமா, மாத்திக்கலாம்" என்றார்.

"எண்ண மாத்திக்கலாம் சார். அந்த மனுசன திருடன் மாதிரி யார்டுல நிக்க வச்சீங்களே, அத எப்படி மாத்துவீங்க?" என்று கத்தினேன். வெளியே வாசல் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மறுநாளே போர்மேனைப் பர்னஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஷிப்ட் தொடங்கியது. அவர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பர்னஸ் முன்னால் நின்றார், கதவைத் தூக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தொறந்துக்கட்டாமா?" என்று கேட்டார்.

அதுவரை அவர் அதற்காக யாரிடமும் அனுமதி கேட்டதே இல்லை.