எழுபத்தொன்றுக்குப் போட்ட பொடி

புரூனோ ஒல்ஷெவ்ஸ்கி முப்பத்தொரு வருஷம் நிலத்துக்கு அடியில் கரி வெட்டினான். மேலே வந்த பிறகு மிச்ச நாட்களைக் கூரைக்கு அடியில் கழித்தான். சுரங்க ஊரான ஹெர்ட்டனில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் ஒரே அச்சு. செங்கல் சுவர், பின்னால் சின்ன முற்றம், மேலே சரிவான கூரை. அவன் கூரைக்கு அடியில் நாற்பத்திரண்டு பந்தயப் புறாக்கள் இருந்தன. மாடியிலிருந்து அங்கே போகப் பதினொரு படி வைத்த மர ஏணி. அதில் ஏற முடிகிறவரைதான் ஒருவன் புறாக்காரன். எங்கள் புறாப் பந்தயச் சங்கத்தில் இதை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புறாக்களைத் தூர ஊரில் திறந்துவிடுவார்கள், எது எப்போது வீடு திரும்பியது என்று கடிகாரம் குறிக்கும். பந்தயத்தில் பிந்தி வருகிற புறாவைப் பிடித்து, நெஞ்சைத் தடவிப் பார்த்து, கழுத்தைத் திருகி மனைவி எல்ஃப்ரீடெயிடம் கொடுத்துவிடுவான். மறுநாள் சூப். நாங்களும் செய்கிறதுதான். ஆனால் நாங்கள் ஒரு புறாவுக்கு ஒரு சீசன் கொடுப்போம். புரூனோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுப்பான்.

ஐம்பத்தாறு வயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை. பிறகு காலையும் மாலையும் இன்சுலின். தொண்ணூற்று நான்காம் வருஷம் குளிர் முடிகிற சமயம் இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னாளாம்.

"ஊசியை ஒழுங்காப் போட்டீங்கன்னா காலைக் காப்பாத்தலாம். விட்டீங்கன்னா ஏணியை மறந்துடுங்க."

அவன் ஒழுங்காகத்தான் போட்டான். மே மாதம் வரைக்கும்.

ஏப்ரலில் சங்கக் கூட்டத்துக்கு ஃபென்னர் வந்தான். மதுக்கடையின் பின்னறையில் நாங்கள் கூடுவோம், அவன் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். புறாவுக்குப் பூண்டு எண்ணெய், இறகு உதிர்கிற காலத்துக்கு மூலிகைத் தேநீர் என்று விற்கிறவன். அந்த முறை பழுப்பு டப்பாக்கள் கொண்டுவந்திருந்தான். லவங்கப்பட்டை, கள்ளிப்பூ, ஏதோ மலைக்கிழங்கு. மனிதர்களுக்கு, சர்க்கரைக்கு என்றான். எல்லோரும் சிரித்தோம்.

"சிரிங்க, சிரிங்க," என்றான் ஃபென்னர். "மனுஷன் எதைக் குடுத்தாலும் முழுங்கிட்டு, சரியாயிடுச்சுன்னுவான். டாக்டருங்க பொழைக்கிறதே அதுலதான். புறாகிட்ட கதை விட முடியுமா? அது லேபிள் படிக்குமா? இதே பொடியைப் புறாவுக்குப் போடுங்க. ஞாயித்துக்கிழமை கடிகாரம் சொல்லும், வேலை செய்யுதா இல்லையான்னு."

"கடிகாரத்துக்குச் சர்க்கரை வியாதி இல்லையே, ஃபென்னர்!" என்றார் யாரோ.

புரூனோ மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு டப்பா வாங்கினான்.

தினமும் சாயங்காலம் சமையலறையில் ஒரு வாளியில் பட்டாணியும் சோளமும் கொட்டி, பொடி ஒட்டுவதற்காகப் பூண்டு எண்ணெய் விட்டு, மேலே பொடியைத் தூவிக் கையால் கிளறுவான். அதே பொடியில் தானும் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடிப்பான். கால் கட்டோடு இருந்ததால் காலையில் வாளியை மேலே கொண்டுபோவது எல்ஃப்ரீடெயின் வேலை. எச்சம் சுரண்டுவது எப்போதுமே அவள் வேலைதான்.

மே மாதம் ரேகன்ஸ்புர்க் நகரத்திலிருந்து விட்ட பந்தயத்தில் அவனுடைய நீல ஆண் புறா ஒன்று முதலாவதாக வந்தது. கால் வளையத்தில் கடைசி இரண்டு எண் எழுபத்தொன்று, அதனால் பெயரும் அதுதான். அடுத்த ஞாயிறும் அதுவே முதல். அதற்கடுத்த ஞாயிறு எதிர்க்காற்று. மற்றவர்களின் புறாக்கள் மாலைவரை ஒவ்வொன்றாகச் சொட்டிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்று மதியமே வந்து கூரைத் திறப்பின் பலகையில் நின்றது. சங்கமே அவன் முற்றத்துக்கு வந்து கைகொடுத்தது.

மறுநாள் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலி ஓரத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"ஊசியை நிறுத்திட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"நானூறு கிலோமீட்டர், எதிர்க்காத்து. அவன் ரத்தத்துல வேலை செஞ்சது என் ரத்தத்துல செய்யாதா?"

"நீ புறா இல்லடா."

"அதுவும் நல்லதுதான். புறாவா இருந்தா உங்களுக்கெல்லாம் என்னிக்கோ சூப்பாயிருப்பேன்."

ஃபென்னர் வந்து படம் எடுத்தான். ஏணியின் மூன்றாம் படியில் புரூனோ, கையில் எழுபத்தொன்று. கால்கட்டு தெரியாமல் இருக்க, படியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்கள். அது துண்டுப் பிரசுரமாகி அக்கம்பக்கத்துச் சங்கங்களுக்கெல்லாம் போனது. புரூனோவுக்கு ஒரு டப்பா இலவசம்.

ஜூனில் விரல் கறுத்தது. "வலி சுத்தமாப் போயிடுச்சு," என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மைதான், வலி இல்லை. என் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாத அளவுக்கு நாற்றம்தான் இருந்தது. நான் நாற்காலியை முன்பக்கம் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் போ என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரம் சமையலறையில் வாளிமேல் விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது மேஜைமேல் பழுப்பு டப்பா இருந்தது.

"லேட்டா ஆரம்பிச்சுட்டேன்," என்றான். "ரெண்டு வருஷம் முன்னாடியே ஃபென்னர் வந்திருக்கணும்."

வீட்டுக்கு வந்த பிறகு கூடத்து சோபாதான் அவன் படுக்கை. ஊசி போட ஒரு நர்ஸ் தினமும் சைக்கிளில் வந்தாள். புறாக்களை நானும் எல்ஃப்ரீடெயும் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் இன்னும் தூரத்து ஊரான பாசாவிலிருந்து. எழுபத்தொன்றைக் கூடையில் வைத்து நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியை முற்றத்தில் போடச் சொன்னான். மதியத்திலிருந்து கழுத்தை உயர்த்தியபடியே இருந்தான். ஒரு மணிக்கு என் புறா வந்தது. மூன்று மணிக்குள் தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது. எல்ஃப்ரீடெ ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்தாள். அவன் தொடவில்லை.

ஏழு இருபதுக்கு எழுபத்தொன்று வந்தது. கூரை விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இறகு கோதியது. பிறகு பலகைக்கு இறங்கியது.

"கொண்டு வா."

"எதிர்க்காத்து, புரூனோ. மூணு தடவை ஜெயிச்சவன்டா அவன்."

"கொண்டு வாடா. என்னால ஏற முடிஞ்சா உன்னை எதுக்குக் கேக்கறேன்?"

பதினொரு படி ஏறி எடுத்து வந்தேன். வாங்கி மடியில் வைத்தான். கட்டை விரலால் நெஞ்சைத் தடவினான், இரண்டு பக்கமும். இறக்கையை விரித்து இறகுகளை எண்ணினான். பிறகு கழுத்தைத் திருகி, கால்களைப் பிடித்து எல்ஃப்ரீடெ பக்கம் நீட்டினான்.

மறுநாள் மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தட்டில் சூப் ஊற்றினாள். உட்கார்ந்தாள், ஸ்பூனை எடுக்கவில்லை.

"புரூனோ, ஒண்ணு சொல்லணும். அந்தப் பொடியை அவன் தின்னதே இல்லை."

"எவன்?"

"எழுபத்தொன்று. மொத நாளைத் தவிர எவனும் தின்னல. அன்னிக்கே எல்லாத்துக்கும் எச்சம் பச்சைத் தண்ணியாப் போச்சு. சுரண்டறது நான்தானே. அடுத்த நாள்லேர்ந்து பட்டாணியைக் குழாய்ல அலசிட்டுத்தான் போட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு திரும்பக் கொஞ்சம் பூண்டு எண்ணெய் விடுவேன்."

நான் ஸ்பூனை வைத்துவிட்டேன். அவன் வைக்கவில்லை.

"ஊசியை நிறுத்தினப்போ எங்க போயிருந்த?"

"சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு நீ எனக்குப் பூ வாங்கிட்டு வந்தே. முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை. ஒரு வாரம் கழிச்சு சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அந்தப் படம் எடுத்தாங்க."

வெளியே நர்ஸ் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. புரூனோ ஒரு சின்ன எலும்பை வாயிலிருந்து எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

"அப்போ மூணு தடவையும் சும்மாவேதான் ஜெயிச்சானா?"

"ஆமா."

சூப்பில் மிதந்த கொழுப்பை ஸ்பூனால் ஒதுக்கினான். பிறகு என் பக்கம் திரும்பினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

"பாத்தியாடா? பொடி அவன் உள்ளே போகவே இல்லை. அதான் நேத்து லேட்டு."

"புரூனோ..."

"மூணு தடவை ஓடினது சொந்தத் தெம்பு. அது தீர்ந்துபோச்சு. பொடி இருந்திருந்தா நேத்தும் அவன்தான் முதல்." ஸ்பூனால் மேஜையைத் தட்டினான். மேஜைக்கு அடியில் அவன் வலது கால் கம்பளி சாக்ஸுக்குள் இருந்தது. "அம்மா, அந்த ஊசிக்காரி வந்துட்டா பாரு. நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடு. அப்படியே ஃபென்னருக்கு ஒரு போன் போடு. மூணு டப்பா."

மனைவியை அவன் எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

எல்ஃப்ரீடெ எழுந்து கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். வாசலில் ஏதோ பேசினாள். சைக்கிள் திரும்பிப் போனது. பிறகு நடையில் போனின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தும் சத்தம் கேட்டது.

"சாப்பிடுடா, ஆறுது," என்றான் புரூனோ.