சிலுவையைக் குளிப்பாட்டியவர்

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் வண்டி கழுவியவரை எல்லோரும் 'பளபளா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கை பட்ட வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஓய்வு பெற்றதும் சாலையோரக் கல் சிலுவைக்குக் காவலாளாகப் போனார். ஆளைவிட உயரமான, பல நூறு வருடப் பழைய சுண்ணாம்புக்கல். நடுவில் மூன்று வரி எழுத்து. சுற்றிலும் பெருக்கலாம், கல்லைத் தொடக்கூடாது. தொல்லியல் துறை அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

நான்கு வருடம் தொடவில்லை. கல்லில் படர்ந்த மஞ்சள் பாசியைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். எழுத்தைப் படியெடுக்க அதிகாரி அம்மா வருகிறார் என்று கடிதம் வந்ததும், அழுக்குச் சட்டையோடு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி அவருக்குக் கூச்சமாகிவிட்டது. எதிர்ப்புறம் பேட்டரி கடை வைத்திருந்த மைத்துனரிடம் ஒரு பாட்டில் ஆசிட் கேட்டார்.

"எதுக்கு அத்தான்?"

"பாத்ரூம் கழுவத்தான் மாப்ளே."

"பார்த்து. அக்கா கால் வழுக்கினா எனக்குத்தான் திட்டு விழும்."

கடை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்லில் ஆசிட்டை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் கை ஓயத் தேய்த்தார். கல் வெளுத்தது. வாங்குகிற சம்பளத்துக்கு இன்றுதான் வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மா வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். இரண்டு வரி மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது வரி இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

"ஆசிட் அரிச்சிருக்கு" என்றார். அவர் பார்வை சாலையைத் தாண்டிப் பேட்டரி கடைக்குப் போனது. பளபளா குனிந்து, பெருக்கி முடித்த இடத்தையே மறுபடி பெருக்கினார்.

கடையைக் காலி செய்யச் சொல்லித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது.

"நம்ம கடை ஆசிட் புகைதான் அத்தான் கல்லைத் தின்னிருக்கு. இத்தனை வருசமா எனக்கு உறைக்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்ட மைத்துனர், அவருக்கு டீயும் ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் மனைவி, "தம்பிக்கு வேற இடம் பாருங்களேன், உங்களுக்குத்தான் நாலு பேரைத் தெரியுமே" என்று சொல்லச் சொல்ல, அவர் தட்டில் இருந்த சோற்றை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அதிகாரி அம்மா அறிக்கையோடு வந்து சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். பளபளா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடை மேல தப்பில்லை மேடம். நான்தான் தேச்சுக் கழுவினேன்."

மைத்துனர் சாலையைக் கடந்து ஓடி வந்தார். "நம்பாதீங்க மேடம்! அக்கா வீட்டுக்காரர், எனக்காகப் பழியைச் சுமக்கிறார். உங்களுக்குத் தங்க மனசு அத்தான், ஆனா இது வேணாம்."

அதிகாரி அம்மா இரக்கத்தோடு சிரித்தார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று பளபளாவுக்குத் தோன்றியது. அவர் கல்லை ஒட்டி நின்று வலக்கையை உயர்த்தினார். விரல் நுனி எட்டிய இடம்வரை வெள்ளை. அதற்கு மேல், சிலுவையின் தலையில், பாசி அப்படியே இருந்தது.

மைத்துனர் அந்தக் கையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கடைக்குத் திரும்பி நடந்தார். அதிகாரி அம்மா அறிக்கையைக் குறுக்கே கிழித்தார்.

"மூணாவது வரி எப்படி இருந்துச்சு? ஒரு எழுத்தாவது ஞாபகம் இருக்கா? தினமும் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தானே."

பளபளா கண்ணை மூடி யோசித்தார்.

"பாசியைத்தான் மேடம் பார்த்துக்கிட்டிருந்தேன்."