நான் அனுப்பிய ஆறு எண்கள்

கர்த்தருடைய பிள்ளைகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். சபைப் பெண்களின் சங்கிலி ஜெபத்துக்கு நான்தான் பொறுப்பு. ஆளுக்கு ஒரு மணி நேரம், உபவாசத்தோடு மாறி மாறி ஜெபிப்போம். அன்று முழுக்க யாரும் போனில் பேசக் கூடாது. மணியை அடக்கிவிட வேண்டும். அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் எழுதலாம். இது நான் போட்ட சட்டம். மீறியவர்கள் என் வாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

கடந்த மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் குழுவின் ஜெயாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, என்னோட ஆறு நம்பர் கோட் தவறி உங்களுக்கு வந்துருச்சு. சீக்கிரம் அனுப்புங்க." பார்த்தால், எஸ்எம்எஸ்ஸில் ஆறு எண்கள். யாரிடமும் கொடுக்காதே என்று அதிலேயே மலாயில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. ஜெயாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டம் போட்டவளே மீறலாமா? அனுப்பிவிட்டேன்.

எழுதியது ஜெயா இல்லை. அவள் கணக்கைத் திருடிய எவனோ ஒருவன். அந்த ஆறு எண்கள் என் வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. சில நிமிடங்களில் அதுவும் என் கையை விட்டுப் போனது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

பெண்டாங்கிலிருந்து என் தம்பி பதறிக்கொண்டு போன் செய்தான். "அக்கா, எந்த ஆஸ்பத்திரில இருக்க? ஆபரேசனுக்கு ரெண்டாயிரம் வெள்ளி பணம் அனுப்பச் சொல்லியிருக்கியே!"

என் பெயரில் எவனோ எல்லாரிடமும் பணம் கேட்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. குழுவில் எல்லாரையும் கூப்பிட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? மணியை அடக்கச் சொன்னவள் நான்தானே.

எங்கள் குழுவின் சாரா நினைவுக்கு வந்தாள். அவள் கணவர் காலுக்கு அறுவைச் சிகிச்சை. அதற்காகச் சேர்த்த பணம் அவள் கணக்கில் இருந்தது. எனக்கு ஒன்று என்றால் சாரா யோசிக்கவே மாட்டாள். ஓடிப் போய்த் தடுக்க வீட்டில் வண்டியும் இல்லை. சமையலறைத் தரையில் விழுந்தேன். "அப்பா, சாராவின் கையைப் பிடித்துக்கொள்ளும்." வேறு வார்த்தை வரவில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

வாசலில் மோட்டார் சத்தம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாரா நின்றாள்.

"நல்லாத்தானே இருக்க? உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போலாம்னு வந்தேன்லா. காசு அங்க போய்க் கட்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

ஆனால் வேறு இரண்டு சகோதரிகள் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். வங்கிக்குச் சொன்னோம், போலீசில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை. அவர்களில் ஒருத்தி இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள் பெயரைச் சொல்லி இன்னும் ஜெபிக்கிறேன். கர்த்தர் ஏன் ஒருத்தியைக் காத்தார், மற்றவர்களை விட்டார்? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்க மாட்டேன். சாராவின் கணவர் இன்று நடக்கிறார். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்தச் சட்டத்தை நானே எடுத்துப்போட்டேன். வாட்ஸ்அப்பில் இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கிற இரட்டைப் பூட்டும் போட்டுவிட்டேன். உங்களுக்கு வரும் ஆறு எண்களைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். கர்த்தரை நம்பிக் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் என் பெயரில் யாராவது பணம் கேட்டால், ஜெபத்தின் நடுவில் இருந்தாலும் எழுந்து என் வீட்டுக்கு வாருங்கள். என் முகத்தைப் பார்த்த பிறகு கொடுங்கள்.